பெர்ஜே குகை: மைனஸ் 500 வரை போய் ஒரே நாளில் திரும்ப

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக்கு மேற்கே வெர்கோர் மலைத்தொடர். அங்கே லா மொலியேர் புல்வெளியில் காரை விட்டுவிட்டுப் பையைத் தூக்கினால் பெர்ஜே குகை வாசலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. பாதை முக்கால்வாசி இறக்கம், காலையில் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்பதை அங்கேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. வாசல் இருப்பது 1,460 மீட்டர் உயரத்தில். கார் நிற்பது அதைவிடச் சுமார் 200 மீட்டர் மேலே. உள்ளே 500 மீட்டர் இறங்கி, அதே 500 மீட்டரை ஏறி, வெளியே வந்து ஈரப் பையோடு இந்த 200-ஐயும் ஏறினால்தான் நாள் முடிகிறது. மலையேறுகிறவர் களைத்துப்போனால் இறங்கிவிடலாம். குகையில் களைத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம். அதனால் இறங்கும்போது செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஏற்றத்தை மனதில் வைத்தே செய்ய வேண்டியிருக்கிறது.

1953-ல் ஜோசஃப் பெர்ஜேயும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த குகை இது. 1956-ல் 1,122 மீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். ஆயிரம் மீட்டரைத் தாண்டி மனிதர் இறங்கிய முதல் குகை இதுதான், அதுவும் கம்பி ஏணிகளை வைத்து. நாம் பேசப்போவது அடிவரை போகும் பயணத்தைப் பற்றியல்ல. மைனஸ் 500-ல், அதாவது வாசலுக்கு 500 மீட்டர் கீழே, இருக்கும் ‘பதின்மூவர் மண்டபம்’ வரை போய் வருவதைப் பற்றி மட்டும். ராட்சதக் கல்முளைகள் வரிசையாக நிற்கும் இடம். காலடியில் பாத்தி கட்டியதுபோல் சுண்ணாம்பு விளிம்பு வைத்த குட்டைகள். கயிற்றில் நன்றாகப் பழகிய நாலு பேருக்கு, கயிறுகள் முன்பே கட்டப்பட்டிருந்தால், இறங்க 3 முதல் 4 மணி நேரம், ஏற 5 முதல் 6, மண்டபத்தில் ஒரு மணி. ஆக மொத்தம் 9 முதல் 11 மணி நேரம். கயிற்றைக் கட்டிக்கொண்டே இறங்குவதானால் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் சேரும். அதை வேறொரு நாளில் வைத்துக்கொள்வதே புத்தி.

முதலில் இடுப்புப் பட்டை. ஹார்னஸ் வாங்கிய அன்றே பொருந்திவிடாது. வீட்டில் மாடிப்படி உத்திரத்திலோ மரத்திலோ பத்து மீட்டர் கயிறு கட்டி, இரண்டு மூன்று மாலை தொங்கிப் பார்த்தால்தான் எது எங்கே இழுக்கிறது என்று தெரியும். இடுப்பின் முன்னால் இருக்கும் மையான் என்ற அரைவட்ட உலோக வளையத்தில்தான் எல்லாம் வந்து சேர்கிறது: கயிற்றில் இறங்க டிசென்டர், ஏறுவதற்குக் கயிற்றில் மேலே மட்டும் நகரும் மார்புப் பிடி, பாதுகாப்புக்கு நுனியில் கொக்கி மாட்டிய கயிற்றுத் துண்டுகளான வால்கள், குட்டை ஒன்று, நீளம் ஒன்று. மார்புப் பிடியை எல்லோரும் குரோல் என்றே சொல்வார்கள். அதைச் செய்யும் பெட்ஸல் நிறுவனம் இருக்கும் குரோல் ஊர் கிரெனோபிளுக்குப் பக்கத்தில்தான். பெயர் அங்கிருந்து வந்தது. வால்கள் இரண்டும் இழுபடும் டைனமிக் கயிறாக இருக்க வேண்டும். நைலான் பட்டையில் வால் கட்டிக்கொண்டு வருகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. ஒரு முழம் தவறி விழுந்தாலும் பட்டை அந்த அதிர்ச்சியை உள்வாங்காது, நேராக முதுகெலும்புக்கும் பாறையில் அடித்த போல்ட்டுக்கும் அனுப்பிவிடும்.

நாளைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இரண்டே அளவுகள். ஒன்று, கயிற்றைக் கவ்வும் கைப்பிடியில் இருந்து தொங்கும் கால் வளையத்தின் நீளம். கயிற்றில் ஏறியபடி கால் வளையத்தில் நேராக எழுந்து நின்றால், கைப்பிடி குரோலுக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே நிற்க வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் ஒவ்வொரு எட்டிலும் ஒரு சாண் உயரம் வீண். குட்டையாக இருந்தால் இரண்டு பிடிகளும் முட்டிக்கொள்ளும், கால் முழுக்க நீளாது. இரண்டாவது, குரோலை மேலே இழுத்துப் பிடிக்கும் மார்புப் பட்டை. தரையில் நிமிர்ந்து நிற்கவே கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் அளவுக்கு அதை இறுக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் எழும்போது உடம்பு பின்னால் சாயும், கை இழுத்துப் பிடிக்கும், நூறு மீட்டரில் முன்கை செத்துவிடும். ஏறுவது தொடையின் வேலை. கை வலிக்கிறதென்றால் அளவு தப்பு என்று பொருள், பலம் போதவில்லை என்பதல்ல. வலது காலில் மாட்டும் பாதப் பிடி ஒன்றும் இருந்தால் உடம்பு கயிற்றோடு ஒட்டி நேராக நிற்கும். நீண்ட நாளுக்கு அது ஆடம்பரம் இல்லை.

உடை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குகைக்குள் 5, 6 டிகிரி, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். உள்ளே ஒரு துண்டாக ஃபிளீஸ் உடை, மேலே பிவிசி அல்லது தடித்த நைலான் உறை, ரப்பர் கம்பூட்ஸ், நியோப்ரீன் காலுறை, ரப்பர் கையுறை. பருத்தி எதுவும் கூடாது, உள்ளாடைகூட. ஹெல்மெட்டில் ஒரு விளக்கு, அதிலேயே தனி பேட்டரியில் இரண்டாவது, பையில் மூன்றாவது. காதையும் கழுத்தையும் மூடும் மெல்லிய குல்லா ஒன்றைச் சட்டைக்குள் வைத்திருங்கள். இருபது கிராம்தான் எடை, ஏற்றத்தில் காத்திருக்கும்போது அதன் அருமை தெரியும்.

வாசலில் இருந்து முதல் 250 மீட்டர் கிணறுகள். ருயிஸ் கிணறு 27 மீட்டர். பிறகு வழுக்குப் பாறைகள், கெய்ர்ன் கிணறு, குறுகிய வளைவுப் பிளவுகள், 38 மீட்டர் கார்பி, அடுத்து கோந்தார், சின்னச் சின்னதாகச் சில இறக்கங்கள், கடைசியில் நாற்பது மீட்டர் அளவுக்கு ஆல்டோ. ஆல்டோவின் அடியில் கால் வைத்தால் ‘விண்மீன் இல்லா ஆறு’. அதற்குமேல் கயிறு குறைவு, நடை அதிகம்.

இங்கே ஒவ்வொரு கிணற்றிலும் திரும்பத் திரும்ப வருவது ரீபிலே. கயிறு பாறை விளிம்பில் உரசாமல் இருக்க, நடுவழியில் மறுபடி ஒரு போல்ட்டில் கட்டியிருக்கும் இடம். விபத்துகள் பெரும்பாலும் இப்படியான மாறுமிடங்களில்தான் நடக்கின்றன. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இறங்கி வந்து போல்ட் முகத்துக்கு நேராக வரும்போது நிற்க வேண்டும். ஒரு முழம் தாண்டிவிட்டால் மேலே வருவது பெரும்பாடு. குட்டை வாலை அந்தப் போல்ட்டின் கராபினரில் (திறந்து மூடும் கொக்கி வளையம்) மாட்டு. டிசென்டரை மெல்ல விட்டு, முழு எடையும் வாலில் தொங்கும் வரை இறங்கு. இப்போது டிசென்டரில் எடை இல்லை. அதைக் கழற்றி, போல்ட்டுக்குக் கீழே போகும் கயிற்றில், முடிச்சுக்கு முடிந்தவரை அருகில் மாட்டிப் பூட்டு. அருகில் என்பது முக்கியம். இடையில் தொய்வு இருந்தால், டிசென்டர் எடையைத் தாங்கும்போது வால் எட்டாத தூரத்துக்குப் போய் இழுபட்டு நிற்கும், கழற்ற முடியாது. பிறகு மேலிருந்து வரும் கயிற்றின் தொய்ந்த வளையத்தில் காலை வைத்து எழுந்து நின்று, எடையை டிசென்டருக்கு மாற்றிப் பார். பிடிக்கிறதா? பிடித்தால் மட்டும் குட்டை வாலைக் கழற்று. இந்தப் பரிசோதனையைச் செய்வதற்கு முன் வாலைத் தொடக்கூடாது. டிசென்டரில் கயிற்றைத் தலைகீழாகச் சுற்றியிருந்தால் அது தெரிய வேண்டிய இடம் இதுதான், பத்து மீட்டர் கீழே அல்ல. கடைசியாக, மேலே பார்த்து ‘லீப்ர்’ என்று கத்து. கயிறு காலி, அடுத்தவர் வரலாம். பிரெஞ்சுக் குகைகளில் எல்லோருக்கும் பொதுவான சொல் அது. அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாத இடங்களுக்கு விசில். ஒன்று நில், இரண்டு மேலே, மூன்று கீழே என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தானே நிற்கும் டிசென்டர்களின் கைப்பிடியில் ஒரு வஞ்சம் உண்டு. விட்டால் நிற்கும், அழுத்தினால் ஓடும். பயந்துபோன மனிதன் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். அப்படிப் பிடித்தால் விழுவான். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எப்போதும் கீழ்க் கயிற்றைப் பிடித்திருக்கும் வலது கைதான் என்பது உடம்பில் ஊறியிருக்க வேண்டும். கயிறு பக்கவாட்டில் ஒரு பிரேக் கராபினர் வழியாகப் போகட்டும். 8 மில்லிமீட்டர் மெல்லிய கயிற்றில் அது இல்லாமல் இறங்கவே கூடாது. கயிற்று நுனிக்கு ஒரு மீட்டர் மேலே தடுப்பு முடிச்சு இருக்கிறதா என்பது கயிறு கட்டியவரின் பொறுப்பு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இறங்குகிறவரின் பொறுப்பு.

கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு போல்ட்டில் ஒய் வடிவில் கட்டும்போது கயிற்றின் இரண்டு கிளைகளுக்கும் நடுவிலான கோணம் 90 டிகிரிக்குள் இருக்கட்டும். 90-ல் ஒவ்வொரு போல்ட்டும் எடையில் 71 சதவீதம் தாங்கும். 120-க்குப் போனால் ஒவ்வொன்றும் முழு எடையைத் தாங்க வேண்டிவரும், இரண்டு போட்டதன் லாபமே போய்விடும். புதுக் கயிற்றை நனைத்துக் காயவைத்து மறுபடி அளக்காமல் கொண்டுவராதீர்கள், சுருங்கும். பையில் எழுதியிருக்கும் 40 மீட்டரை நம்பி இறங்கினால் தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் அந்தரத்தில் நிற்க நேரும்.

கெய்ர்ன் கிணறு முடிந்து வரும் பிளவுகளைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அகலம் தோள் அளவுதான், கீழே பிளவு இன்னும் ஆழமாகப் போகிறது. முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச்சுவரிலும் கொடுத்து, இடையில் செருகியிருக்கும் கட்டைகளில் மிதித்து, பக்கவாட்டில் நகர வேண்டும். இங்கே பையை முதுகில் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் மாட்டும். கையில் எடுத்து முன்னால் நகர்த்து, அல்லது இடுப்பில் இருந்து தொங்க விடு. கிணறுகளில் பை எப்போதும் மையானில் இருந்து நீளக் கயிற்றில் கால்களுக்குக் கீழே தொங்க வேண்டும். முதுகில் இருந்தால் பின்னால் இழுத்துச் சாய்க்கும், ஏறும்போது வயிற்றுத் தசை ஓய்ந்துவிடும். ஒரே சங்கடம், ஏற்றத்தில் பாறை விளிம்புக்கு அடியில் பை சிக்கும். அப்போது வேகமாக இழுக்காமல் அரை மீட்டர் இறங்கி, உதறி எடுக்க வேண்டும்.

ஆற்றுக்கு வந்ததும் மனசு லேசாகும். கூரை தெரியாத பெரிய காலரி, அதாவது நடந்து போகும் அகலக் குகைப்பாதை. இங்கேதான் வேகம் பிடித்து நடக்கத் தோன்றும். வேண்டாம். கடூ ஏரி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட கோடையில் ஏரி இருந்த இடமே தெரியாமல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் நின்றால் வெளியே மழை பெய்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று பொருள். அதைத் தாண்டிப் பெரும் பாறைச் சரிவு. கார் அளவுப் பாறைகள் நடுவே வழி கண்டுபிடிப்பதற்குப் பிரதிபலிப்பான் ஒட்டுகள் இருக்கும். இறங்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது காணப்போவது அந்தக் காட்சியைத்தான். முன்னால் மட்டும் பார்த்துப் போனவர்கள் ஏற்றத்தில் இதே சரிவில் அரை மணி நேரம் சுற்றுவது சகஜம்.

மண்டபத்தில் உட்காருவதற்கு முன் உடை மாற்றும் வேலையை முடித்துவிட வேண்டும். நடந்து வந்த சூடு பதினைந்து நிமிடம் தாங்கும். அதற்குள் உலர்ந்த குல்லா, உலர்ந்த கையுறை. பிறகு அடுப்பு: சின்ன காஸ் பர்னர், உடனே சூடாகும் சூப், பாலாடைக்கட்டி, உலர்பழம், பாதாம். சாக்லேட் 5 டிகிரியில் கல்லாகிவிடும், சட்டைக்குள் வைத்து இளக்கித் தின்ன வேண்டும். பசித்த பிறகு சாப்பிடுவது இங்கே தாமதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி என்று வாசலில் இருந்தே பழக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது, தொடைத் தசை பிடிக்கும்போதுதான் தெரியும். குட்டைகளின் விளிம்பில் மிதிக்காதீர்கள். எடுத்துப்போனது எல்லாம், கழிவு உட்பட, வெளியே வர வேண்டும்.

திரும்பும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்யட்டும். காலை 8-க்கு உள்ளே போனால் மதியம் 1-க்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். ‘இன்னும் கொஞ்ச தூரம்’ என்பது இந்தக் குகையில் எல்லா மொழியிலும் பேசப்பட்ட வசனம்.

இனி ஏற்றம். யார் முதலில்? மெதுவாக ஏறுகிறவர் முதலில். வேகமானவர் கீழே காத்திருக்கட்டும், அவர் உடம்பில்தான் மிச்சம் சூடு இருக்கும். கடைசி ஆள் அனுபவசாலி. நடுவில் ரீபிலே இருந்தால் கயிற்றின் மேல் துண்டில் ஒருவர், கீழ்த் துண்டில் ஒருவர் என்று இரண்டு பேர் ஏறலாம். ஒருவர் 40 மீட்டர் ஏற 6 முதல் 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ரீபிலே இல்லாத கிணற்றில் நாலு பேருக்கு அரை மணி நேரம். எட்டுப் பேரென்றால் ஒரு மணி நேரம், அதுவும் ஒரே ஒரு கிணற்றில். பெரிய கூட்டமாகப் போகக்கூடாது என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. எட்டுப் பேர் வந்தால் நாலு நாலாக, இரண்டு மணி நேர இடைவெளியில்.

கயிற்றின் அடியில் முதல் சில எட்டுகள் எரிச்சலூட்டும். 40 மீட்டர் கயிறு எடை ஏறியதும் ஒரு மீட்டருக்கு மேல் இழுபடும். எழுந்து எழுந்து உட்கார்ந்தாலும் தரையிலேயே இருப்பீர்கள். குரோல் வழியாகக் கயிறும் தானாக ஓடாது, கீழே எடை இல்லாததால். கீழே நிற்பவர் கயிற்று நுனியை லேசாகப் பிடித்துக்கொடுத்தால் போதும். ஐந்தாறு மீட்டருக்குப் பிறகு கயிற்றின் எடையே இழுத்துக்கொள்ளும். பிடித்துக்கொடுத்தவர் உடனே கிணற்றடியில் இருந்து விலகி நிற்க வேண்டும். கல் விழுவது எப்போதும் யாராவது ஏறும்போதுதான்.

சேறு படிந்த கயிற்றில் குரோலின் பற்கள் அடைத்துக்கொண்டு வழுக்கும். அதற்கு மருந்து, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பழைய பல்துலக்கி. கேலி செய்கிறவர்களே மூன்றாவது கிணற்றில் அதைக் கடன் கேட்பார்கள். ரீபிலேயில் ஏறும்போது வரிசை வேறு: முதலில் வாலை மாட்டு, பிறகு கைப்பிடியை மேல் கயிற்றுக்கு மாற்று, எழுந்து நின்று குரோலை மாற்று. எந்த நொடியிலும் இரண்டு இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். களைத்தவர்கள் இங்கேதான் வரிசையைத் தவறவிடுகிறார்கள். பேசாமல் போனவர், கராபினர் வாயைத் திறக்கத் தடுமாறுகிறவர், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று எரிந்து விழுகிறவர்: மூன்றும் குளிர் உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளம். உடனே நிறுத்தி, மூலையில் கயிறு கட்டி, இரண்டு அலுமினியத் தாள் போர்வையால் கூடாரம் போட்டு, பைகளின் மேல் உட்காரவைத்து, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அரை மணி நேரத்தில் ஆள் மாறிவிடுவார்.

கயிற்றில் ஒருவர் அசையாமல் தொங்குகிறார் என்றால் அரை மணி நேரமெல்லாம் கிடையாது. ஹார்னஸில் செயலற்றுத் தொங்கும் உடம்பு சில நிமிடங்களிலேயே மயக்கத்துக்குப் போகலாம். அவரைக் கீழே கொண்டுவருவதுதான் முதல் சிகிச்சை. அவர் அளவுக்கு ஏறிச் சென்று, உங்கள் டிசென்டரை அவருக்குக் கீழே கயிற்றில் மாட்டிப் பூட்டி, அவர் மையானை அதோடு குட்டையாக இணைக்க வேண்டும். பிறகு ஒரு கால் வளையத்தை மேலே இருக்கும் கைப்பிடியின் கராபினர் வழியாகக் கொடுத்து, ஒரு முனையை அவர் ஹார்னஸில் மாட்டி, மறுமுனையில் நீங்கள் ஏறி மிதித்தால் உங்கள் எடை அவரை இரண்டு விரற்கடை தூக்கும். அவர் குரோலைத் திறக்க அது போதும். எடை உங்கள் டிசென்டருக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து இறங்கலாம். படித்தால் இது புரியாது. மரத்தில் பத்து முறை செய்து, பத்து நிமிடத்துக்குள் முடிக்க வந்த பிறகே ஆழமான குகைக்கு வர வேண்டும். நாலு பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் போதாது, தொங்குபவர் அவராகவே இருக்கலாம்.

வெளியே இருந்து உதவி வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஜெர்மனியின் ரீசெண்டிங் குகை சாட்சி. 2014 ஜூன் 8-ல் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒருவர் தலையில் கல் விழுந்தது. வெளியே கொண்டுவந்தது ஜூன் 19-ல். ஐந்து நாட்டவர், எழுநூறு பேருக்கு மேல் உழைத்தார்கள். பிரான்ஸில் குகை மீட்புக்குத் தனி அமைப்பே இருக்கிறது, நல்ல அமைப்பு. ஆனாலும் கணுக்கால் சுளுக்கு என்பது மைனஸ் 500-ல் ஒரு நாள் வேலை.

வெள்ளத்தைப் பற்றிக் கடைசியில் எழுதினாலும் முடிவு எடுக்க வேண்டியது முதல் நாள் இரவிலேயே. குகைக்கு மேலே இருப்பது வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறைவெளி. மண் இல்லை, மழையைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. இடிமழை பெய்தால் தண்ணீர் கிணறுகளுக்குள் வர அதிக நேரம் ஆகாது. 1996-ல் இங்கே வெள்ளத்தில் இருவர் இறந்தார்கள். மாலையில் இடி என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்குக் குகை இல்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கும்போது அடையாளங்கள்: ஆற்றின் சத்தம் கனப்பது, எதிரே திடீரென்று காற்று, தண்ணீர் கலங்குவது, நுரையோடு இலை மிதந்து வருவது. அப்போது வாசலை நோக்கி ஓடத் தோன்றும். அருவியாகிவிட்ட கிணற்றில் கயிற்றில் தொங்கினால் குளிரே கொன்றுவிடும். உயரமான, வறண்ட இடத்தில் ஏறி, கூடாரம் போட்டு, காத்திருங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். காலரிகளில் அப்படிப்பட்ட இடங்களை இறங்கும்போதே குறித்து வைக்க வேண்டும்.

ருயிஸ் கிணற்றின் உச்சியில் மண் வாசனை, இலை வாசனை வரும். குளிரில் பல மணி நேரம் இருந்த மூக்குக்கு அது கூர்மையாகத் தெரியும். அங்கே ஹார்னஸைக் கழற்றி எறிய வேண்டாம், விளிம்பு இன்னும் பக்கத்தில்தான். இருட்டியிருந்தால் பாறைவெளியில் பாதை தொலைவது சுலபம். ஒவ்வொரு வெடிப்பும் கால் விழுங்கும். மூன்றாவது விளக்கை இதற்காகவே தொடாமல் வைத்திருக்க வேண்டும், வழியையும் காலையில் போனிலே பதிந்திருக்க வேண்டும். ஏறி கார் வந்ததும் முதல் வேலை உடை மாற்றுவதல்ல. கீழே ஊரில் ஒருவரிடம் ‘இரவு 11 வரை செய்தி இல்லையென்றால் மீட்புக்குச் சொல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களே, அவரைக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் காரை நகர்த்திக் கிடைக்கும் இடம் வரை போய்க் கூப்பிடுங்கள். கார் ஹீட்டரின் சூட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், நாலு வண்டி மீட்பு ஆட்களை மலைக்கு வரவழைத்த அணிகள் உண்டு.